நாற்பது வருஷச் சிநேகிதன் போனை எடுக்கவில்லை

கேள்வி: எனக்கு வயது ஐம்பத்தேழு, ஊர் கல்லிடைக்குறிச்சி. பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருக்கிற என் சிநேகிதன் இங்கேயே அப்பளத் தொழில் செய்கிறான். அவனுக்கும் என் வயதுதான். பல வருஷமாகச் சர்க்கரை உண்டு. ஆவணியில் கால் வீங்கிப் போய்ப் பாளையங்கோட்டையில் காட்டினான். ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு 2.4 இருக்கிறது, கிட்னி பாதித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம், மாத்திரையும் பத்தியமும் போதும் என்றாராம் டாக்டர். அன்றிலிருந்து அவன் சாயங்காலம் ஆத்துப் பக்கம் வருவதே இல்லை. நான் தினமும் காலையில் போன் போட்டு எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். கிட்னி பற்றிக் கண்ணில் பட்ட வீடியோ எல்லாம் அனுப்பினேன். ஒருவர் சொன்னார் என்று ஒரு சூரணமும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது என் போனையே எடுப்பதில்லை. "அவுக யாருகிட்டயும் பேச மாட்டேங்காக அண்ணாச்சி" என்கிறார் அவன் மனைவி. இதற்கிடையே என் மகளுக்குத் தையில் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. அவன் இப்படி இருக்கும்போது இந்தச் சந்தோஷத்தை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? நான் என்ன தப்புச் செய்தேன்?

(பெயர் வேண்டாம், கல்லிடைக்குறிச்சி)

பதில்: அண்ணாச்சி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்தச் சூரணம். அவர் அதைச் சாப்பிடுகிறாரா என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் வீட்டம்மாவிடம் கேளுங்கள். சாப்பிடுகிறார் என்றால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது டப்பாவையும் கையோடு கொண்டுபோய்க் காட்டட்டும். "நான்தான் தெரியாம வாங்கிக் குடுத்துட்டேன், நிப்பாட்டிரு" என்று நீங்களே சொன்னால் அவர் கேட்பார்.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி நடக்கிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்து, மற்ற டாக்டருக்கும் தெரிந்து மருந்து கொடுப்பது வேறு. லேபிள் இல்லாத டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. இப்படி விற்கும் பொடிகள் சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்து, நல்ல கிட்னியையே கெடுத்திருக்கின்றன. ஏற்கெனவே பாதிக்கப்பட்ட கிட்னி அதைத் தாங்காது. அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டுவிடுங்கள்: மூட்டு வலி, முதுகு வலி என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? நாளெல்லாம் உட்கார்ந்து செய்கிற தொழிலில் இது சகஜம். டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை வலி மாத்திரைகள் கிட்னிக்கு ஆகவே ஆகாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

அவர் ஏன் போனை எடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கிட்னி பாதிப்பு இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வெளியே தெரியாது. காய்ச்சல் என்றால் இன்றைக்குக் குறைந்திருக்கிறது என்று சொல்லலாம். வலி என்றால் நேற்றுக்கு இன்று தேவலை என்று சொல்லலாம். இதில் அப்படிச் சொல்ல ஒன்றுமே இருக்காது. பசிக்கிறது, தூக்கம் வருகிறது, நடக்க முடிகிறது, ஆனால் ரிப்போர்ட்டில் மட்டும் நோயாளி. அந்த மனிதரிடம் தினமும் காலையில் "எப்படி இருக்கு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்? நல்லாயிருக்கேன் என்றால் அவருக்கே நம்பிக்கை இல்லை. இல்லை என்றால் நீங்கள் பதறுவீர்கள். போன் அடிக்கும்போதெல்லாம், கொஞ்ச நேரம் மறந்திருந்தது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் பெரியப்பா கடைசிக் காலத்தில் டயாலிசிஸில் இருந்தவர். வீட்டுக்கு வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்கும் முன் காலைத்தான் பார்ப்பார்கள், வீக்கம் இருக்கிறதா என்று. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் அவர் வேட்டியை இழுத்துப் பாதத்தை மூடிக்கொள்வார். வந்தவர்கள் எல்லோரும் அவர் மேல் உயிராக இருந்தவர்கள்தான். ஆனாலும் அவரிடம் தேங்காய் விலை பேசியவர், பேரன் பரீட்சையில் கோட்டைவிட்டதைச் சொல்லிப் புலம்பியவர், இவர்களைத்தான் அவர் "இன்னும் கொஞ்ச நேரம் இரும்வே" என்று பிடித்து வைப்பார்.

நீங்கள் செய்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள். ஆனால் இந்த ரெண்டு மாதத்தில் உங்கள் வீட்டு விஷயம் ஒன்றாவது அவருக்குச் சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. நாற்பது வருஷமாக ஊர்க்கதை பேசிய சிநேகிதன் திடீரென்று கிட்னியைப் பற்றி மட்டும் பேச ஆரம்பித்தால், தன்னை ஏற்கெனவே வேறு கணக்கில் எழுதிவிட்டான் என்றுதான் அவருக்குத் தோன்றும். அவருக்கு உங்கள் சங்கதி வேண்டும். அதை நிறுத்தாமல் கொடுங்கள்.

இது ஐப்பசி. பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற நேரம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் எப்படி வருகிறது, பாபநாசம் அணையில் எத்தனை அடி, மணிமுத்தாறு அணை நிரம்புமா, யார் வீட்டில் என்ன சண்டை, செங்கோட்டை ரயில் எவ்வளவு லேட். இதையெல்லாம் பதில் எதிர்பார்க்காமல் அனுப்புங்கள். எழுதப் பிடிக்காவிட்டால் வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள். கடைசியில் "உடம்பைப் பாத்துக்கோ" என்று சேர்க்க வேண்டாம். ஒரு வாரம் பதில் வராவிட்டாலும் நிறுத்தாதீர்கள். வீடியோக்களை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

இதோடு நோயைப் பற்றி ஒரே ஒரு தடவை, நேரில், நேராகப் பேசிவிடுங்கள். "இதைப் பத்தி நானா இனி கேக்க மாட்டேன். உனக்கு எப்ப பேசணும்னு தோணுதோ அப்ப சொல்லு, ராத்திரி ரெண்டு மணின்னாலும் வாரேன்" என்று சொன்னால் போதும். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். கடினமான பகுதி அதுதான்.

அவருடைய பயத்தில் பாதி அந்த 2.4 என்ற எண்ணைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால் வந்ததாகவும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் கிரியாட்டினினுக்குப் பக்கத்தில் இஜிஎஃப்ஆர் என்று இன்னொரு எண் இருக்கும். கிட்னி எவ்வளவு சுத்திகரிக்கிறது என்பதன் கணக்கு அது. 90-க்கு மேல் இருந்தால் நல்லது. ஐம்பத்தேழு வயது ஆணுக்குக் கிரியாட்டினின் 2.4 என்றால் இது ஏறத்தாழ 30 வரும். பாதிப்புதான், லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் டயாலிசிஸ் பேச்சு பெரும்பாலும் 15-க்குக் கீழே போன பிறகு, அதுவும் உடம்பு காட்டுகிற அறிகுறிகளைப் பார்த்துத்தான் வரும். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்தால் பல வருஷம் இதே இடத்துக்குப் பக்கத்தில் ஓட்டுகிறவர்கள் உண்டு. கிட்னி கெடுகிற வேகத்தைக் குறைக்கும் மாத்திரைகளும் இப்போது இருக்கின்றன. டாக்டர் "இப்போது வேண்டாம்" என்றதை "சீக்கிரம் வேண்டும்" என்று அவர் காதில் வாங்கியிருந்தால், அடுத்த தடவை "இது எந்த நிலை, என் விஷயத்தில் எவ்வளவு வேகமாகப் போகிறது, யூரினில் புரதம் எவ்வளவு போகிறது" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளட்டும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நினைத்து வைத்த கேள்வி எல்லாம் மறந்துபோகும். அதற்குத்தான் பக்கத்தில் நீங்கள் வேண்டும், கையில் ஒரு துண்டுச் சீட்டோடு.

எண் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறும், இறங்கும். முந்தின நாள் தண்ணீர் சரியாகக் குடிக்காவிட்டாலும், நிறையக் கறி சாப்பிட்டிருந்தாலும், வேறு லேபில் எடுத்தாலும் மாறும். பாபநாசம் அணையில் ஒரு நாள் ரெண்டு அடி இறங்கினால் பிசானம் போச்சு என்று நம் பக்கத்தில் யாரும் தலையில் கை வைப்பதில்லை. இதையும் அப்படிப் பார்க்க அவருக்குப் பழக்குங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் காவல்காரர் ஆக வேண்டாம். அதற்கு வீட்டில் ஒருவர் இருக்கிறார், அந்த அம்மா படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஒரு குழம்பு, இவருக்கு ஒன்று என்று தனித்தனியாக வைத்துக்கொண்டிருப்பார். உங்கள் மனைவியை வாரத்தில் ஒரு நாள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வரச் சொல்லுங்கள். இந்த ரெண்டை மட்டும் அந்த அம்மா காதில் போடச் சொல்லுங்கள். கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பது நல்லதுதானே என்று வாங்கிவிட வேண்டாம். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்க்கிறார்கள், கிட்னி பாதித்தவருக்கு அது ஆபத்தாக முடியலாம். இளநீரும் அப்படித்தான், பொட்டாசியம் அதிகம். குடிக்கலாமா, எவ்வளவு, மொத்தமாகத் தண்ணீர் எவ்வளவு என்பதை டாக்டர்தான் ரத்தப் பரிசோதனை பார்த்துச் சொல்ல வேண்டும். "நிறையத் தண்ணி குடி, கிட்னி கழுவிரும்" என்று ஊரே சொல்லும். எல்லோருக்கும் அது பொருந்தாது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அவர் தொழில் அப்பளம். உப்பும் அப்பளக்காரமும் சேர்ந்த சரக்கு, ரெண்டிலும் சோடியம். கல்லிடைக்குறிச்சி அப்பளம் என்றால் வெளியூரிலும் கேட்டு வாங்குகிறார்கள், அந்தப் பெருமையில் வாழ்ந்த மனிதர் அவர். ஆயுசு முழுக்க உருட்டித் தேய்த்துக் காயவைத்ததை இனி நீ தொடாதே என்று ஒருநாள் சொல்லிவிட்டார்கள். வாய்க்கு ருசி போனதை விட இது அவரை அதிகம் வாட்டும் என்று நினைக்கிறேன். இதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் கேட்கலாம். ஆவணிக்குப் பிறகு வியாபாரம் எப்படிப் போகிறது, மழைக்காலத்தில் எங்கே காயப் போடுகிறான் என்று தொழிலைப் பற்றியே கேளுங்கள்.

சரி, கல்யாணம். ஊரில் யாருக்கும் தெரிவதற்கு முன் அவருக்குச் சொல்லுங்கள். இந்நேரம் பாதி ஊருக்குத் தெரிந்திருக்கும், ஆகவே நாளைக்கே போங்கள். பத்திரிகை அடிக்கும்வரை காத்திருந்து தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், மூன்றாம் மனுஷனுக்குக் கொடுத்தது போலாகிவிடும். "மாப்ள, பிள்ளைக்கு முடிவாயிட்டு. உனக்கு எப்படிச் சொல்லன்னு தெரியாம இத்தனை நாள் முழிச்சுக்கிட்டு இருந்தேன்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையைச் சின்ன வயதில் தோளில் தூக்கியவராகத்தானே இருப்பார்! அவர் துக்கத்தில் இருக்கிறார் என்று நீங்களாக முடிவு செய்து இந்தச் சந்தோஷத்தை மறைத்தால், அது அவருக்குத் தெரியவரும் நாளில் நோயைவிட அதுதான் உறைக்கும்.

சொல்லிவிட்டு வேலையும் கொடுங்கள். சும்மா பெயருக்கு அல்ல, செய்யாவிட்டால் உங்களுக்குக் கை ஒடிந்தாற்போல் ஆகிற வேலையாக இருக்கட்டும். சமையல்காரரிடம் பேசி முடிப்பது, பந்திக்கு அப்பளம் அவர் பொறுப்பு, மறுவீட்டுச் சொதிக் குழம்பு விருந்துக்கு யார் யார் வீட்டுக்காரர்கள் வருகிறார்கள் என்று கணக்குப் போடுவது. உங்கள் பக்கம் என்ன வழக்கமோ அதில் ஒன்று. அலைகிற வேலை வேண்டாம், உட்கார்ந்து தீர்மானிக்கிற வேலை.

கல்யாணத்தன்று பந்தியில் "அவனுக்கு அப்பளம் வைக்காதீங்க, ஊறுகாய் வைக்காதீங்க" என்று பரிமாறுகிறவரிடம் சத்தம் போட்டுவிடாதீர்கள், அண்ணாச்சி. இலையில் எதைத் தொடுவது, எதை ஒதுக்குவது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து இலையில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அது போதும்.

செலவு பற்றி அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தால்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸும் அடங்கும், குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதாரோடு கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் போய்ப் பதிய வேண்டும். இப்போதே தேவைப்படும் என்று நான் சொல்லவில்லை. தகுதி இருந்தால் கார்டை எடுத்து பீரோவில் வைத்துவிட்டால் அந்த ஒரு கவலை குறையும். அந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனைக்கும் அவர் அசையவில்லை, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்துவிட்டது என்றால், சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவருடைய டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், அவர் சார்பில் நீங்களும் பேசலாம். ஓயாத களைப்பு, குமட்டல், மூச்சு வாங்குவது, கால் வீக்கம் கூடுவது இதெல்லாம் வந்தால் மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.

அந்தத் தேதி என்றைக்கு என்று மதினியிடம் கேட்டு உங்கள் காலண்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள். மார்கழியிலோ தையிலோ வந்தால், கல்யாண வேலையைச் சாக்காகச் சொல்லித் தள்ளிப்போடப் பார்ப்பார். விடாதீர்கள். பாளையங்கோட்டையில் உங்களுக்கும் ஜவுளி எடுக்கிற வேலை இருக்கும், ஒரே காரில் போய் ரெண்டையும் முடித்துவிட்டு வாருங்கள்.