பல் கிளினிக்கில் ஆய்வு: என்ன பார்ப்பார்கள், ஏன் பார்ப்பார்கள்? (கேள்வி பதில்)

வணக்கம். அரசுப் பல் மருத்துவராக இருந்த காலத்தில், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தின் ஆய்வுக் குழுக்களோடு பல தனியார் பல் கிளினிக்குகளுக்குப் போயிருக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் சொல்கிறேன்.

டாக்டரம்மா, கும்பகோணம் பக்கம் புதிதாகக் கிளினிக் திறக்கிறேன். ஆய்வுக்கு என்னென்ன காகிதம் தயாராக இருக்க வேண்டும்? (இளம் பல் மருத்துவர்)

தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி இணை இயக்குநரிடம் வாங்கிய பதிவுச் சான்றிதழைச் சுவரில், வருபவர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம், கழிவை எடுத்துப்போகும் பொது நிலையத்தோடு ஒப்பந்தம், எக்ஸ்ரே இருந்தால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் பதிவு. இவ்வளவையும் ஒரே ஃபைலில் போட்டு வரவேற்பு மேசையிலேயே வைத்துவிடுங்கள். இதில் மாட்டிக்கொள்கிற கிளினிக் குறைவு. காகிதத்தை எல்லோரும் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் எதில்தான் மாட்டுகிறார்கள், மேடம்? (அதே மருத்துவர்)

கருவிகளின் எண்ணிக்கையில். நான் உள்ளே போனதும் கேட்பது முந்தைய நாளின் நோயாளிப் பதிவேடு. அடுத்து, "ஏரோட்டர் (பல்லைக் குடையும் சுழல் கருவி) எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" மூன்றாவதாக, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) பதிவேடு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை கிளினிக். ஏரோட்டர் தேவைப்பட்டவர்கள் 18 பேர். இருப்பது 3 ஏரோட்டர். கழுவி, எண்ணெய் விட்டு, பவுச்சில் (கருவியை வைத்து மூடி ஒட்டும் பையில்) போட்டு, ஆட்டோகிளேவில் ஏற்றி, காய்ந்து ஆறி வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். கடைசிச் சுற்றில் இறங்குவது யாருக்கும் பயன்படாது என்பதை விட்டுவிட்டால்கூட, தொடக்கத்தில் தயாராக இருந்தவற்றையும் சேர்த்து 15-ஐத் தாண்டாது. மீதிப் பேருக்கு? ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து அப்படியே மாட்டியிருப்பார்கள். ஏரோட்டரின் தலைக்குள் எச்சிலும் ரத்தமும் உறிஞ்சப்பட்டு உள்ளே போகும். வெளியே துடைப்பதால் அது போகாது. 121 டிகிரியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல், அல்லது 134 டிகிரியில் 3, 4 நிமிடம், அழுத்த நீராவியில் நின்றால்தான் போகும்.

ஆகவே தம்பி, கிளினிக் திறக்கும்போது உட்கூரை விளக்குக்கும் சோபாவுக்கும் செலவழிக்கிற பணத்தில் கொஞ்சம் குறைத்து இன்னும் நாலு ஏரோட்டர் வாங்கிவிடுங்கள். மனதாரச் சொல்கிறேன்.

கொதிக்கும் நீரில் போட்டால் போதாதா? எங்கள் டாக்டர் அப்படித்தான் செய்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் நீல விளக்கும் எரிகிறது. (நோயாளி, விருதுநகர்)

போதாது. கொதிநீரில் பாக்டீரியாவின் வித்துகள் சாகாது. நீல விளக்குப் பெட்டி, ஏற்கெனவே சுத்திகரித்த கருவியை எடுத்து வைப்பதற்கு மட்டும்தான்.

ஆம்பூரில் இருக்கிறேன். வாணியம்பாடி செய்தியைப் படித்ததிலிருந்து பல்லைக் காட்டவே பயமாக இருக்கிறது. உண்மையில் அங்கே என்னதான் நடந்தது, அம்மா?

உங்கள் பயம் நியாயமானது. 2023-இல் நடந்ததை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பிற நிறுவனங்களோடு சேர்ந்து துப்பறிந்தார்கள்; கட்டுரை 2025-இல் வெளிவந்தது. ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு நியூரோமெலியாய்டோசிஸ் என்ற மூளைத் தொற்று வந்தது. 8 பேர் இறந்துபோனார்கள். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிற பாக்டீரியா அது. வாய்க்குள் போன வழி, சலைன் பாட்டில். ஈறை விலக்கும் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, பஞ்சால் பாட்டிலின் வாயை அடைத்து, அதே பாட்டிலை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, துக்கம்தான் வந்தது. திறந்து வைத்த சலைன் பாட்டிலை நான் போன எத்தனையோ கிளினிக்குகளில் பார்த்திருக்கிறேன். நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில், கழுத்தில் ஊசி குத்தியபடி நிற்கும். 500 மில்லியில் ஒருவருக்கு 20 மில்லிதானே தேவை, மீதியைக் கொட்டுவதா என்று நினைக்கிறார்கள். 100 மில்லி பாட்டில் வாங்குங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பாட்டில், மிஞ்சினால் கொட்டுங்கள்.

மரத்துப்போக வைக்கும் மருந்துக்கும் இதே கதைதான். லிக்னோகெயின் 30 மில்லி குப்பியின் ரப்பர் மூடியில் ஒரு ஊசி நிரந்தரமாகக் குத்தி நிற்கும். ஆய்வில் அதைப் பார்த்தால் நான் வேறெதையும் பார்ப்பதற்கு முன் அந்தக் குப்பியைக் கீழே கொட்டச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் புது சிரிஞ்சு, புது ஊசி. குப்பியின் மேல் திறந்த தேதி எழுதியிருக்க வேண்டும்.

பயந்துகொண்டு சொத்தைப் பல்லை அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்கள் கண்ணெதிரே பவுச்சைப் பிரிக்கச் சொல்லுங்கள். பவுச்சின் ஓரத்தில் இருக்கும் குறி நிறம் மாறியிருக்க வேண்டும். சலைன் பாட்டிலையும் உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். நல்ல மருத்துவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என் கட்டடத்தில் கீழ்த்தளம் பல் கிளினிக். ரத்தப் பஞ்சை மாநகராட்சித் தொட்டியில் போடுகிறார்கள். கேட்டால் "கொஞ்சம்தானே சார்" என்கிறார்கள். (வீட்டு உரிமையாளர், திருச்சி)

2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் கொஞ்சம், நிறைய என்ற பேச்சே கிடையாது. படுக்கை இல்லாத சிறு கிளினிக்குக்கும் அங்கீகாரம் வேண்டும். ஒரு தடவை வாங்கினால் போதும் என்ற சலுகை மட்டும் உண்டு. ரத்தப் பஞ்சும் பிடுங்கிய பல்லும் மஞ்சள் பையில், கையுறையும் குழாயும் சிவப்பில், ஊசி, குத்தினாலும் கிழியாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடி நீலத்தில். மஞ்சளில் போட்டதை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு விஷயம் மருத்துவர்களுக்கே தெரிவதில்லை: வெள்ளி அடைத்த பல்லை மஞ்சள் பையில் போடக் கூடாது. அது எரிக்கப்படும், அமால்கம் என்ற அந்த வெள்ளிக் கலவையில் இருக்கிற பாதரசம் புகையாகக் காற்றில் கலந்துவிடும். தனியே ஒதுக்க வேண்டும்.

ஐயா, முதலில் அவர்களிடம் எழுத்தில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். தொட்டியைக் கையால் கிளறுகிற தூய்மைப் பணியாளரை நினைத்துப் பார்த்தாவது விட்டுவிடாதீர்கள்.

கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவி ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

அந்த மாடலுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏ.இ.ஆர்.பி.) வகை ஒப்புதல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாததை வாங்கினால் அந்த வாரியத்தின் இலோரா இணையத் தளத்தில் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாமல் இயக்கவும் கூடாது. இன்னொன்று: நோயாளியின் வாயில் ஃபிலிமை உங்கள் உதவியாளர் விரலால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஒரு நாளைக்குப் பத்து முறை அந்த விரலில் கதிர் படுகிறது.

ஆய்வுக்கு வருகிறவர்களை "கவனிக்க" வேண்டுமா? பக்கத்துக் கிளினிக்காரர் கொடுத்ததாகச் சொல்கிறார்.

கூடவே கூடாது. ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயப்படுத்தி வாங்கினால் 7 நாளுக்குள் புகார் கொடுத்தால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். காசு வாங்கிக்கொண்டு போகிற ஆய்வு, நோயாளிக்குச் செய்கிற துரோகம்.

மேடம், ஈரோட்டில் ஒரு பல் கிளினிக்கில் அசிஸ்டென்டாக இருக்கிறேன். கூட்டம் அதிகமானால் "பவுச் வேண்டாம், துடைத்துக் கொடு" என்கிறார் டாக்டர். ஆய்வு வந்தால் என்னைத்தான் கேட்பார்களா? போன மாதம் எனக்கு ஊசியும் குத்திவிட்டது.

பொறுப்பு கிளினிக்கை நடத்துகிறவருடையதும் மருத்துவருடையதும். உங்களிடம் கேட்டால் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். ஆட்டோகிளேவ் பதிவேட்டில் ஓடாத சுற்றை ஓடியதாக எழுதச் சொன்னால் மட்டும் எழுதிவிடாதீர்கள்மா, கையெழுத்து உங்களுடையது.

ஊசி விஷயம் அதைவிட அவசரம். நோயாளிக்கு ரத்தத்தால் பரவும் நோய் இருந்ததா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்குப் போய் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். மறுபடி எப்போது சோதிக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா? முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. கழிவு விதிகளின்படி அதைப் போட வைப்பது கிளினிக்கின் கடமை, உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இனி ஒருமுறை குத்தினால் பிதுக்காதீர்கள், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். அன்றைக்கே, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கிளினிக்கில் வேலை கிடக்கிறது என்று நிற்காதீர்கள்.