‘செம்மல்’ என்ற வாடிய பூவைப் படம் பிடிக்கலாம்: காய்ந்த பூக்களும் மேக்ரோவும், கேள்வி பதில்

காய்ந்த பூக்களை மிக நெருக்கத்தில் படம் எடுப்பது, அதாவது மேக்ரோ, பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மலர்ந்த பூவை விட்டுவிட்டு, குப்பைக்குப் போகிற பூவை ஏன் எடுக்க வேண்டும்? (திருச்சியிலிருந்து ஒரு அம்மா)

அம்மா, நேற்று தலையில் வைத்த மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவை உருவி, ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் வையுங்கள். நேற்று அது ஒரே வெள்ளை. இன்று காம்புப் பக்கம் தேன் நிறம், இதழ் நுனியில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு. தாளோடு தூக்காமல் பூவை மட்டும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இதழுக்குள் நரம்புகள் கோடு கோடாக ஓடுவது தெரியும். நேற்றும் அவை அங்கேதான் இருந்தன. நீர் நிறைந்து இதழ் விறைப்பாக இருந்ததால் கண்ணில் படவில்லை. நீர் வற்றியதும் நடுப்பகுதி சுருங்கிவிடுகிறது, நரம்பு மேலெழுந்து நிற்கிறது. நான் தேடிப் போவது அதைத்தான்.

அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவங்களைத் தமிழில் பிரித்துச் சொல்வார்கள். வீ உதிரும் பருவம், செம்மல் வாடிய பருவம். வாடிய பூவுக்குத் தனிப்பெயர் வைத்தவர்கள் அதையும் நின்று பார்த்திருக்கிறார்கள். உயர்ந்த மனிதரைச் செம்மல் என்று சொல்வதும் இதே சொல்தான். எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

தொடங்கப் போதும். கிளிப் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பூவுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை போக வேண்டியிருப்பதால் போனின் நிழல் பூவின் மேல் விழும், அதை மட்டும் கவனியுங்கள். கேமரா வைத்திருப்பவர்கள் மேக்ரோ லென்ஸ் வாங்கும் முன் ரிவர்ஸ் ரிங் (லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம்) போட்டுப் பாருங்கள். அப்பர்ச்சர் வளையம் (ஒளி நுழையும் துளையைக் கையால் மாற்றும் வளையம்) உள்ள பழைய 50 மி.மீ. லென்ஸைத் திருப்பி மாட்டினால், பூ ஏறக்குறைய அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் (கேமராவுக்குள் படம் பதியும் தகட்டில்) விழும்.

எப்படி எடுத்தாலும் பூவில் பாதி மங்கலாக வருகிறது. கை நடுக்கமா? (கோவை)

கை நடுக்கமும் இருக்கலாம், ஆனால் முக்கியக் காரணம் அது இல்லை. உண்மை அளவில், அதாவது 1:1-இல் எடுக்கும்போது, ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி எஃப் 8 வைத்தாலும் தெளிவாக விழுவது சுமார் 1 மி.மீ. ஆழம்தான். காய்ந்த ரோஜா இதழின் ஒரு சுருளே அதைவிட ஆழமாக இருக்கும். இன்னும் சிறிய துளையான எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய துளை வழியே ஒளி வளைந்து பரவும் டிஃப்ராக்‌ஷனால் படம் முழுவதும் கொழகொழவென்று ஆகிவிடும்.

வழி ஃபோகஸ் ஸ்டாக்கிங். ட்ரைபாடில் வைத்து, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 15, 20 படங்கள் எடுத்து, மென்பொருளில் ஒன்றாகச் சேர்ப்பது. பூ அசையாது, தேனீ வந்து ஆட்டாது என்பதால் காய்ந்த பூ இதற்கு அவ்வளவு பொருத்தம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள். இரண்டு வினாடி டைமரும் வையுங்கள்.

சொல்லப்போனால் எல்லாப் படத்துக்கும் ஸ்டாக்கிங் தேவையில்லை. ஒரே ஒரு சுருக்கம் மட்டும் கூர்மையாக, மற்றதெல்லாம் கரைந்து போகிற படமும் எனக்குப் பிடிக்கும்.

லைட்டிங்குக்கு என்ன வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். இந்த வேலையில் பாதிக்கு மேல் வெளிச்சம்தான், அது உங்கள் வீட்டு ஜன்னலிலேயே இருக்கிறது. கேமராவின் ஃப்ளாஷ் நேர் முன்னாலிருந்து அடித்தால் சுருக்கங்களின் நிழல் அழிந்து பூ தட்டையாகிவிடும். நமக்கு வேண்டியது அந்தச் சின்னச் சின்ன நிழல்கள்தான். மேசையை ஜன்னலை ஒட்டிப் போட்டு, வெளிச்சம் பூவின் மேல் பக்கவாட்டில், தாழ்வாகத் தடவிப் போகும்படி வையுங்கள். வெயில் நேரே அடித்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிட்டால் போதும். எதிர்ப்பக்கம் இருட்டாக இருந்தால் தெர்மாகோல் துண்டு ஒன்றை நிறுத்துங்கள். அதை முன்னும் பின்னும் நகர்த்தும்போது பூ முகம் மாறுவதைப் பாருங்கள். நான் பல நாள் கேமராவைத் தொடாமல் அரைமணி நேரம் இதை மட்டும் செய்திருக்கிறேன்.

அப்புறம் பின்னொளி. அதற்குக் காகிதப்பூ. நாம் இதழ் என்று நினைக்கும் அந்த மூன்று வண்ண மடல்களும் உண்மையில் பூவடி இலைகள். நிஜப் பூ நடுவில் குச்சி மாதிரி நிற்கும் சின்ன வெளிர்க் குழாய். காய்ந்த மடலுக்குப் பின்னால் வெளிச்சம் வைத்தால், வலை பின்னியது போல நரம்பு முழுதும் ஒளிரும். பின்னணிக்குக் கருப்பு வெல்வெட் துணி, ஓர் அடி தள்ளி.

சிவப்பு ரோஜா காய்ந்தால் கருப்பாகிவிடுகிறது. நிறம் நிற்க என்ன செய்வது?

நீர் போகப் போக நிறமி அடர்த்தியாகிறது, அதனால்தான் அந்தக் கருஞ்சிவப்பு. நிறம் ஓரளவு நிற்க வேண்டும் என்றால் மூடிய டப்பாவில் சிலிகா ஜெல்லுக்குள் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) புதைத்து ஐந்தாறு நாள் வையுங்கள். நீல நிறச் சிலிகாவில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அது நச்சு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் வெள்ளை நிறத்தையே வாங்குங்கள். நான் இப்போதெல்லாம் நிறத்தைக் காப்பாற்ற மெனக்கெடுவதில்லை. அந்தக் கருஞ்சிவப்பில் விளிம்பு மட்டும் வெளிறிப் போவது புதுப் பூவில் கிடைக்காத நிறம்.

நிறம் மாறாமலே வேண்டும் என்றால் வாடாமல்லி. அதன் செதில்கள் செடியில் இருக்கும்போதே காகிதம் போலத்தான் இருக்கும், வாடுவதற்கு நீர் அதிகம் இல்லை.

மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறதே? (சென்னை)

எனக்கும் நடந்தது. ஒரு வருடம் ஐப்பசியில், அரைகுறையாகக் காய்ந்த செவ்வந்திகளைத் தகர டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் எல்லாம் வெள்ளைப் பஞ்சு. ஒரு மாதச் சேகரிப்பு போய்விட்டது, அழுகையே வந்துவிட்டது. காம்பை ஒடித்தால் ‘டக்’ என்று முறிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், மூடாதீர்கள்.

இந்த வகையில் யாருடைய படங்களைப் பார்க்கலாம்? (ஓவியக் கல்லூரி மாணவி)

கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். ஜெர்மானியர், 1865-இல் பிறந்தவர். பெர்லினில் கலைக் கல்லூரி ஆசிரியர். செடிகளின் வடிவத்தை மாணவர்களுக்குக் காட்டத் தானே செய்த கேமராவில் விதைக்கூடு, சுருள் தண்டு, உலர்ந்த இலை என்று பல ஆண்டுகள் எடுத்தார். அந்தப் படங்கள் புத்தகமாக வந்தது 1928-இல்தான், 60 வயதைத் தாண்டிய பிறகு. வெறும் பின்னணி, மென்மையான வெளிச்சம், வேறு எதுவும் இல்லை. ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள், அதுவே நல்ல பாடம்.

என் எட்டு வயது மகளோடு சேர்ந்து செய்ய ஏதாவது சொல்லுங்கள்.

கனகாம்பரம். பூப் பறித்து முடிந்த கதிர்கள் செடியிலேயே காய்ந்து நிற்கும். அந்தச் செதில்களையும் அவற்றின் ஓர மயிர்களையும் முதலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். பிறகு முற்றிய காய் உள்ள ஒரு கதிரைத் தட்டில் வைத்து, மகளைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் காய் படீரென்று வெடித்து விதைகள் தெறிக்கும். அதற்குள் லென்ஸை எட்ட நகர்த்திவிடுங்கள்.