தாத்தாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டுவது வீணா?

கேள்வி: என் மகள் அரசுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் மனப்பாடப் பாடல், கடிதம் எல்லாம் நன்றாக எழுதுகிறாள். பாடத்தில் இல்லாத பத்தியைக் கொடுத்து வினா கேட்டால் மட்டும் எட்டுக்கு இரண்டோ மூன்றோதான் வாங்குகிறாள். கைடிலிருந்து தினமும் மூன்று பத்திகள் செய்யவைக்கிறேன். பார்வை குறைந்த என் மாமனாருக்கு மாலையில் பேப்பர் படித்துக் காட்டுவாள். அந்த நேரமும் வீணாக வேண்டாம் என்று ஜூனிலேயே நிறுத்திவிட்டேன். தனி டியூஷன் சேர்க்கலாமா?
– ஒரு தாய், கும்பகோணம்

பதில்: இந்த எட்டு மதிப்பெண்ணைப் பற்றி ஆண்டுதோறும் பெற்றோர் எழுதுகிறார்கள். உங்கள் கடிதத்தில் அதைவிட முக்கியமாக எனக்குப் பட்டது, போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் பேப்பர் விஷயம்தான்.

பேத்தி செய்தி படிக்கும்போது எந்தத் தாத்தாவும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். “இதை யார் சொன்னது? ஏன் அப்படிச் செய்தார்கள்? நேற்று வேறு மாதிரி படித்தாயே?” என்று குறுக்கே கேட்பார். அவள் மேலே போய்த் தேடி, முன்னும் பின்னும் இருப்பதைச் சேர்த்துப் பார்த்து, தன் சொற்களில் சுருக்கிச் சொல்வாள். வினாத்தாளின் கடைசியில் வரும் 47ஆம் கேள்வியில் நான்கு இரண்டு மதிப்பெண் வினாக்கள் சோதிப்பதும் இதே திறனைத்தான். வீட்டில் காசில்லாமல் நடந்துகொண்டிருந்த பயிற்சியை நிறுத்திவிட்டு, அதையே காசு கொடுத்து வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அதோடு, பேப்பர் நின்றுபோனதை உங்கள் மாமனார் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவரிடம் கேட்டீர்களா? பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை என்பதற்காக வீட்டில் உள்ள முதியவருக்குச் செய்ய வேண்டியதிலிருந்து அவளை விலக்கிவைப்பதை என்னால் ஏற்க முடியாது. அது அவளுடைய கடமை. தேர்வைக் காரணம் காட்டி அதை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை.

தமிழ்ப் பேப்பர் படித்தால் ஆங்கிலம் எப்படி வரும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மொழியில் வாசித்துப் பொருள்கொள்ளப் பழகிய திறன் இன்னொரு மொழிக்கும் கைகொடுக்கும், ஆனால் அந்த மொழியோடும் போதிய பழக்கம் வேண்டும் என்று கனடாவின் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் எழுதியிருக்கிறார். ஆகவே தமிழ்ச் செய்திகளுக்குப் பிறகு, ஆங்கில நாளிதழிலிருந்து ஒரு சிறு செய்தியை அவள் வாய்விட்டுப் படித்து, அதன் சாரத்தைத் தாத்தாவுக்குத் தமிழில் சொல்லட்டும். சொல்லத் திணறும் இடமே அவளுக்குப் புரியாத இடம். அகராதியை அங்கே மட்டும் திறந்தால் போதும்.

கைடு வேலையைக் குறையுங்கள். விடை கீழேயே அச்சாகியிருக்கும்போது பிள்ளையின் கண் அங்கேதான் போகும். விடை இல்லாத புத்தகம் கொடுத்தாலும், வினாவில் உள்ள ஒரு சொல்லைப் பத்தியில் தேடி, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்தெழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. விவசாயி ஏன் மாட்டை விற்றார் என்று வினா இருந்தால், விற்றதாகச் சொல்லும் வரி இரண்டாவதாக இருக்கும். மழை பொய்த்துக் கடன் ஏறிய காரணம் ஐந்தாம் வரியில் இருக்கும். வரியைத் தேடுகிறவள் இரண்டாவது வரியை எழுதிவிட்டு மதிப்பெண் போனது ஏன் என்று விழிப்பாள். மூன்று பத்திகளுக்குப் பதில் ஒன்றே போதும்: வினாக்களை மூடிவைத்து முழுவதும் படித்து, என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று வாயால் சொன்ன பிறகே பேனாவை எடுக்கட்டும்.

தேர்வறையில் வினாத்தாளைப் படிக்கத் தரும் முதல் 10 நிமிடத்தில் அவள் அந்தப் பத்தியையும் படித்துவிட வேண்டும். கடைசிக் கேள்வி என்று விட்டுவைத்தால், கை சோர்ந்து மணி அடிக்கப்போகும் நேரத்தில்தான் அதைப் பார்ப்பாள்.

டியூஷன் வேண்டாம். அரையாண்டுத் தேர்வு வரை இப்படிச் செய்யுங்கள். அப்போதும் நான்கைத் தாண்டவில்லை என்றால், விடைத்தாளை எடுத்துக்கொண்டு முதலில் அவளுடைய பள்ளி ஆங்கில ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.