மெக்கானிக்ஸ் தாளும் சாய்ந்து நிற்கும் ஏணியும்: கேள்வி பதில்

முதலாண்டுக்கு இன்ஜினியரிங் மெக்கானிக்ஸும் இரண்டாமாண்டுக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் பல வருடமாக நடத்தி வருகிறேன். செமஸ்டர் நெருங்கிவிட்டதால் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், ஃபார்முலா எல்லாம் மனப்பாடம். கணக்கைப் பார்த்தால்தான் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. ஃப்ரீ பாடி டயகிராம் (பொருளை மட்டும் தனியே பிரித்து அதன் மேலுள்ள விசைகளைக் காட்டும் படம்) வரையாமல் நேரே சமன்பாடு எழுதக் கூடாதா?

எழுதலாம். ஆனால் ஏதாவது ஒரு விசை விட்டுப்போகும், அல்லது இல்லாத விசை ஒன்று உள்ளே வந்துவிடும். ஏணிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் ஏணி, எடை 200 நியூட்டன். வழவழப்பான சுவரில் சாய்ந்திருக்கிறது, அதன் அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. அப்போது மேல் முனை 4 மீட்டர் உயரத்தில் இருக்கும்.

இப்போது சுவரையும் தரையையும் அழித்துவிடுங்கள். தாளில் ஏணி மட்டும் அந்தரத்தில் நிற்கட்டும். தரை அதுவரை என்ன செய்துகொண்டிருந்தது? மேல்நோக்கித் தாங்கியது. வழுக்காமல் சுவர்ப் பக்கமாகப் பிடித்தும் இருந்தது. இரண்டு அம்புக்குறி. வழவழப்பான சுவரால் கிடைமட்டமாகத் தள்ள மட்டுமே முடியும். ஒரு அம்புக்குறி. எடை நடுவில் கீழ்நோக்கி. மொத்தம் நான்கு, அவ்வளவுதான்.

ஏணியின் அடியைப் பற்றி மொமென்ட் எடுங்கள், அதாவது ஒவ்வொரு விசையையும் அடியிலிருந்து அதன் செங்குத்துத் தூரத்தால் பெருக்குங்கள். அங்கே இருக்கும் இரண்டு விசையும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். சுவரின் தள்ளல் பெருக்கல் 4 சமம் 200 பெருக்கல் 1.5. ஆக 75 நியூட்டன். தரையின் உராய்வும் அதே 75, தரை தாங்குவது 200. உராய்வுக் குணகம் குறைந்தது 0.375 இருந்தால் ஏணி நிற்கும்.

விடைத்தாள் திருத்தும்போது நான் அதிகம் பார்க்கும் தப்பும் இங்கேதான். முதல் வரியிலேயே உராய்வு சமம் மியூ பெருக்கல் என் என்று எழுதிவிடுகிறார்கள் (மியூ உராய்வுக் குணகம், என் தரை தாங்கும் விசை). மியூ 0.5 என்று கொடுத்திருந்தால் உராய்வு 100 நியூட்டன் என்று போட்டுவிடுவார்கள். தேவைப்படுவது 75 என்றால் தரை 75தான் கொடுக்கும். 100 என்பது அதனால் கொடுக்க முடிந்த உச்சம்.

கேள்வி: அதே ஏணியில் ஆள் ஏறினால் எப்போது வழுக்கும்? எடை கூடினால் பிடிமானமும் கூடத்தானே வேண்டும்?

கூடும், ஆனால் ஆள் எங்கே நிற்கிறார் என்பதுதான் விஷயம். 600 நியூட்டன் எடையுள்ளவர் ஏறுகிறார் என்று வையுங்கள். அடிப்படியில் நிற்கும்போது அவர் எடைக்கு ஏறக்குறைய மொமென்ட்டே கிடையாது. தேவையான உராய்வு அதே 75, ஆனால் தரை தாங்குவது 800. ஆக 0.094 குணகம் போதும். கீழே ஒருவர் ஏணியை மிதித்துக்கொண்டு நிற்பது இதற்காகத்தான். நடுப்படிக்கு வந்தால் உராய்வு 300, தாங்குவது 800. மறுபடி 0.375, வெறும் ஏணிக்கு வந்த அதே எண்! உச்சிக்குப் போனால் 525, அதை 800 ஆல் வகுத்தால் 0.66. பாதி தாண்டிய பிறகுதான் ஆபத்து தொடங்குகிறது. வெள்ளையடிக்க வருபவர்களுக்கு இது சமன்பாடு இல்லாமலே தெரியும்.

கேள்வி: விடை மைனஸில் வந்தால் தப்பா?

இல்லை. நீங்கள் வரைந்த அம்புக்குறி எதிர்த்திசையில் இருக்க வேண்டும் என்று பொருள். படத்தை அழித்துத் திருத்தாதீர்கள், அதே குறியோடு கடைசிவரை போங்கள். பாதியில் திருப்பினால்தான் குழப்பம்.

கேள்வி: ட்ரஸ் (கம்பிகளை முனைகளில் இணைத்த சட்டகம்) கணக்கில் சில உறுப்புகளில் விசை பூஜ்ஜியம் என்று வருகிறது. வேலையே செய்யாத கம்பியை எதற்கு வைக்கிறார்கள்?

நீங்கள் போட்டது ஒரே ஒரு சுமை, ஒரே ஒரு இடத்தில். ரயில் நகரும். ஒரு இணைப்பில் சுமை நிற்கும்போது பூஜ்ஜியமாக இருந்த உறுப்பு, சுமை அடுத்த இணைப்புக்கு வந்ததும் இழுவிசை வாங்கலாம். பாம்பன் பழைய ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914இல் திறந்தது. நடுவே கப்பலுக்கு வழிவிட இரண்டு இறக்கைகளாகத் தூக்கும் ஷெர்சர் வகைப் பகுதி. மூடியிருக்கும்போது ஒவ்வொரு இறக்கையும் ஒரு விதமாகச் சுமை தாங்கும். தூக்கினால் ஒரு முனை அந்தரத்தில் போய்விடும், உள்ளே விசைகளின் கணக்கே மாறிவிடும். 2025இல் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே நேராக மேலே போகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட கம்பியை இரு முனையிலும் அழுத்தினால் நொறுங்குவதற்கு முன்பே வளைந்து விலகிவிடும். நடுவில் ஒரு சின்ன உறுப்பு பிடித்துக்கொண்டால் அது நடக்காது. கணக்கில் பூஜ்ஜியம் வாங்கும் உறுப்பு பல நேரம் அந்த வேலையைத்தான் செய்கிறது.

கேள்வி: மொமென்ட் ஆஃப் இனர்ஷியா இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்றில் கிலோகிராம் இருக்கிறது, இன்னொன்றில் மில்லிமீட்டரின் நான்காம் அடுக்கு. எது சரி?

இரண்டும் சரி, பெயர்தான் ஒன்று. முதலாவது, சுழலும் பொருள் வேகம் மாற எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பது. இரண்டாவதில் நிறையே கிடையாது. குறுக்குவெட்டின் வடிவம் வளைவை எவ்வளவு எதிர்க்கும் என்பது மட்டும்தான். 30 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள். பிறகு விளிம்பை மேலே வைத்து வளைத்துப் பாருங்கள். அகலம் பெருக்கல் உயரத்தின் மூன்றாம் அடுக்கு, அதை 12 ஆல் வகுக்க வேண்டும். விகிதம் சரியாக 100 வரும். பழைய வீட்டு உத்தரத்தைத் தச்சர் ஏன் குறுகிய பக்கத்தில் நிறுத்தி வைத்தார் என்பதற்கு இதுதான் பதில்.

கேள்வி: டகோமா பாலம் ரெசோனன்ஸால் விழுந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். சரிதானா?

பள்ளியில் அப்படிச் சொன்னால் விட்டுவிடுவேன், பொறியியல் படிப்பவர் அப்படி எழுதக் கூடாது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலையில் திறந்து அதே ஆண்டு நவம்பர் 7 அன்று விழுந்தது. மணிக்கு 65 கிலோமீட்டர் அளவுக்குத்தான் காற்று. ரெசோனன்ஸ் என்றால் வெளியிலிருந்து ஒரு விசை, பாலத்தின் சொந்த அதிர்வெண்ணுக்கே ஒத்து வந்து தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இங்கே காற்று அப்படித் தட்டவில்லை. தளம் முறுக்கிக்கொள்ள, அந்த அசைவே காற்றின் விசையை மாற்ற, மாறிய விசை இன்னும் முறுக்கியது. இதற்கு ஃப்ளட்டர் என்று பெயர்.

கேள்வி: தமிழ் வழியில் படித்து வந்தேன் மேடம். ஆங்கிலச் சொற்களே பயமாக இருக்கிறது.

தம்பி, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொற்களை இங்கே ஒட்டிக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெஸ் என்பது தகைவு, ஸ்ட்ரெயின் என்பது திரிபு, மொமென்ட் என்பது திருப்புத்திறன். பிளஸ் டூ இயற்பியலில் பார்த்தவைதான். இன்னும் சொன்னால் ‘திருப்புத்திறன்’ என்ற சொல்லிலேயே அர்த்தம் இருக்கிறது, மொமென்ட்டில் அது இல்லை.

கேள்வி: மூன்றாவது அரியர். படம் சரி, சமன்பாடு சரி, விடை மட்டும் தப்பு.

முதலில் கால்குலேட்டரைப் பாருங்கள், சிரிக்காமல்தான் சொல்கிறேன். சைன் 30 அழுத்துங்கள். 0.5 வர வேண்டும். மைனஸ் 0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, 0.454 வந்தால் கிரேடியனில். இரண்டும் டிகிரி அல்லாத கோண அலகுகள். நான் படித்த காலத்தில் ஒரு இன்டர்னல் தேர்வு முழுவதையும் ரேடியனில் எழுதிவிட்டு வந்தவள். அப்புறம், ஸ்ட்ரெங்த் தாளில் எல்லாவற்றையும் நியூட்டன், மில்லிமீட்டருக்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். விடை மெகாபாஸ்கலில் தானாக வந்து நிற்கும்.

கேள்வி: கேட் தேர்வில் எக்ஸ்.ஈ. தாள் எடுக்கலாமா?

கேட் என்பது பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, எக்ஸ்.ஈ. அதன் பொறியியல் அறிவியல் தாள். கணிதம் பிடிக்கும் என்றால் எடுக்கலாம். பொது அறிதிறன் 15 மதிப்பெண், கட்டாயக் கணிதம் 15, நீங்கள் தேர்ந்தெடுக்கும் இரண்டு பிரிவுக்குத் தலா 35. சாலிட் மெக்கானிக்ஸும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்குப் பழகிய ஜோடி.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன்தான் மேடம். சுவரும் சொரசொரப்பாக இருந்தால்?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இப்போது தரையில் இரண்டு, சுவரில் இரண்டு என நான்கு தெரியாத விசைகள். நம்மிடம் இருப்பது மூன்று சமன்பாடு. ஏணி சும்மா சாய்ந்திருக்கிறது என்று மட்டும் கொடுத்திருந்தால் உங்களால் தீர்க்க முடியாது, என்னாலும் முடியாது. வழுக்கும் தறுவாயில் இருக்கிறது என்று கொடுத்திருந்தால் மட்டும், இரண்டு இடத்திலும் உராய்வு அதன் உச்சத்தில் நிற்கும். அப்போதுதான் மியூ பெருக்கல் என் எழுத உங்களுக்கு உரிமை. வினாவில் அந்த ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.