ஜப்பானியவியல் முதுமுனைவர் நல்கை: ஆய்வேட்டுச் சுருக்கம் போதுமா?
ஹார்வர்டின் ரைஷாவர் நிறுவனம் வழங்கும் ஜப்பானியவியல் முதுமுனைவர் நல்கைக்கு (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கான உதவித்தொகை), ஆய்வேட்டின் சுருக்கத்தையே ஆய்வுத் திட்டமாக அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது என்பதே என் கருத்து. அண்மையில் முனைவர் பட்டம் பெற்றவர்கள் தம் ஆய்வேட்டை நூலாக்க உதவுவதே அந்த நல்கையின் முதன்மை நோக்கம் என்பதால், எந்த இயலை நீக்குவீர்கள், எதைப் புதிதாக எழுதுவீர்கள், அதற்காக ஹார்வர்டு-யென்சிங் நூலகத்தில் எந்த ஜப்பானிய மூலங்களைப் படிக்க வேண்டியிருக்கிறது என்பதைத் திட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஜப்பானின் எடோ கால (1603–1868) வணிகத்தை ஆராய்பவர், ‘கபுநகாமா’ என்பது வணிகர் குழுமம் என்று முதல் இடத்திலேயே விளக்கிவிடுவது நல்லது. படிப்பவர் அனைவரும் அத்துறையினராக இருக்கமாட்டார்கள். பரிந்துரைப்பவர்களிடமும் இத்திட்டத்தைக் கொடுங்கள் (தேதி மட்டும் மாற்றிய பழைய கடிதம் எளிதில் தெரிந்துவிடும்). ஜப்பானிலேயே தங்கி ஆராய விரும்பினால், ஜப்பான் அறிவியல் மேம்பாட்டுக் கழகத்தின் நல்கைக்கு முயலலாம். ஆனால் அதற்கு அங்குள்ள ஆய்வாளர் ஒருவரின் இசைவை முன்கூட்டியே பெற்றாக வேண்டும்.