பின் கண்ணாடி லீக்: முதல்ல பிரேக் லைட்டைப் பாருங்க

மழை பெஞ்சா பிக்கப்ல பின் சீட்டுக்குக் கீழ கார்ப்பெட் நனையுது, கண்ணாடி ஓரமா சிலிக்கான் அடிச்சும் நிக்கலன்னு சொல்றீங்கல்ல, எனக்கென்னவோ கண்ணாடி மேல சந்தேகமே இல்ல ப்ரோ. கேபினுக்குப் பின்னாடி உச்சியில இருக்குற மூணாவது பிரேக் லைட்டைக் கழட்டிப் பாருங்க, அதோட ஃபோம் கேஸ்கெட் (தண்ணி புகாம அடைக்கிற பஞ்சு மாதிரி பட்டை) பிஸ்கட் மாதிரி நொறுங்கியிருந்தா தண்ணி அங்க பூந்து உள்பக்கமா வழிஞ்சு கண்ணாடி ஓரத்துல சொட்டும், பாக்க கண்ணாடி லீக் மாதிரியே இருக்கும். ஒருத்தர உள்ள டார்ச்சோட உக்கார வெச்சு ஓஸ்ல மெதுவா கீழருந்து மேல தண்ணி விடுங்க, மேலருந்து ஆரம்பிச்சா எங்க ஒழுகுதுன்னே பிடிபடாது. ஸ்லைடிங் கண்ணாடின்னா கீழ் டிராக்ல தண்ணி வடியுற சின்ன ஓட்டைங்க அடைச்சிருக்கான்னும் பாருங்க. நெசமாவே கண்ணாடி ஒட்டுதான் விட்டிருக்குன்னா அந்த சிலிக்கானை முழுசா சுரண்டிட்டுதான் யூரித்தேன் (வண்டிக் கண்ணாடி ஒட்டுற பசை) போடணும், சிலிக்கான் மேல அது பிடிக்கவே பிடிக்காது.