டிரைலர்ல பூதம், படத்துல அழுகாச்சி: அக்கா பதில்கள்

போன இதழ்ல 'பிரிட்ஜ் டு டெராபித்தியா' படத்த லீவுல புள்ளைங்களோட ஒட்டுக்கா உக்காந்து பாருங்கன்னு ரெண்டே வரி எழுதியிருந்தேன். வந்த கடுதாசியில பாதி திட்டு. கதையச் சொல்லாமப் பதில் சொல்ல முடியாது, அதனால படம் பாக்காதவங்க இந்தப் பக்கத்தத் தாண்டிப் போயிருங்க.

ஏனுங்க அக்கா, உங்க பேச்சக் கேட்டு என்ற பையனுக்குப் படத்தப் போட்டு உட்டேன். ஒம்பது வயசு. அந்தப் புள்ள செத்துப் போச்சுன்னதும் தேம்பித் தேம்பி அழுது ரவைக்குச் சோறே உங்கலீங்க. முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?
*கோபியிலிருந்து ஒரு அம்மா*

தப்புத்தானுங்க அம்மிணி, சொல்லியிருக்கோணும். ஆனா எம்மேல மட்டும் பழியப் போடாதீங்க, 2007ல படம் வந்தப்ப டிரைலர் பூரா பூதமும் பறக்கற ஜந்துவுமாத்தான் காட்டுனாங்க, நார்னியாங்கற மாயாஜாலப் படம் எடுத்தவங்கன்னு வேற போட்டாங்க, அத நம்பிக் குடும்பத்தோட போனவங்க எத்தன பேரு கண்ணத் தொடச்சுட்டு வந்தாங்களோ. ஆனா படம் என்னமோ பள்ளிக்கூடத்துல யாரும் சேத்துக்காத ரெண்டு புள்ளைங்க, ஜெஸ்ஸு, லெஸ்லி, ஓடைக்கு அக்கட்டால கயித்தப் புடிச்சு ஆடித் தாண்டிப் போயி காட்டுக்குள்ள ஒரு ராஜ்ஜியத்தக் கட்டிக்கற கதைதானுங்க. ஒரு நாளு லெஸ்லி தனியாப் போறப்ப கயிறு அறுந்துபோகுது.

எனக்கு நெஞ்ச அடைச்சது அதுகூட இல்லீங்க. அன்னிக்கு ஜெஸ்ஸு பாட்டு டீச்சரோட மியூசியம் பாக்கப் போறான், லெஸ்லியயும் கூட்டிட்டுப் போலாமான்னு ஒரு வார்த்த கேக்காமப் போயிர்றான். கூப்புட்டிருந்தா அது ஓடைப்பக்கமே போயிருக்காதேன்னு பொறவு அவன் படற வெசனம் இருக்குதே... அது வரைக்கும் மொறைச்சுக்கிட்டே திரிஞ்ச அப்பன் வந்து அவனக் கட்டிப் புடிக்கறாரு. அந்த அப்பனா நடிச்சவரு யாருன்னு நெனைக்கறீங்க, டெர்மினேட்டர் 2ல உருகி உருகி வருவானே வில்லன், அவருதான்! உங்க பையங்கிட்ட அந்த எடத்தப் பத்திச் சித்தெ நேரம் பேசிப் பாருங்க.

மொக்கப் படம்க்கா. ஃபேண்டஸின்னீங்க, மொத்தமே கொஞ்ச நேரந்தான் கிராபிக்ஸ், ஒரு நல்ல சண்டகூட இல்ல.
*திருப்பூர் காலேஜ் பையன்*

கண்ணு, இந்தப் படம் ஒரு புஸ்தகத்த வெச்சு எடுத்தது, அதப் படிச்சா நீ இன்னும் நொந்துருவ. அதுல பூதம் நேர்ல வர்றதே கெடையாது, எல்லாம் அந்தக் கொழந்தைங்க வாயாலயே கட்டறதுதான். படத்துலதான் லார்ட் ஆஃப் த ரிங்ஸுக்கு வேல செஞ்ச நியூசிலாந்து வேட்டா கம்பெனியக் கூட்டியாந்து உருவம் குடுத்தாங்க. என்னையக் கேட்டா அதுவே அதிகம். ஆனா ஒண்ணு கவனிச்சியா, அந்த ராட்சச பொம்பள மூஞ்சி பள்ளிக்கூடத்துல இவங்கள மெரட்டற பெரிய புள்ள மூஞ்சியாட்டவே இருக்கும். அது மட்டும் பேஷ்.

கொழந்தைகள் கதையில சாவு எதுக்குங்க? எழுதுனவங்களுக்கு ஈரமே இல்லியா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தாராபுரம்*

ஐயா, ஈரம் இருந்ததாலதான் எழுதுனாங்க. கேத்தரின் பேட்டர்சன் மகனுக்கு எட்டு வயசு இருக்கறப்ப, 1974ல, அவங்கூட வெளையாடுன புள்ள இடி விழுந்து எறந்துபோச்சுங்க. பையனுக்கு என்ன சொல்லித் தேத்தறதுன்னு தெரியாம அந்தம்மா எழுதுனதுதான் அந்த 1977 புஸ்தகம், மறுவருசமே கொழந்தைகள் புஸ்தகத்துக்கு அமெரிக்காவுல குடுக்கற நியூபெரி விருது. அந்தப் பையன் டேவிட்டே வளந்து இந்தப் படத்துக்குத் திரைக்கதையில ஒரு ஆளா இருந்து எழுதியிருக்காருங்க. யாரு வந்து முடிவ மாத்துன்னாலும் அவரு மாத்துவாருங்களா?

அதுவுமில்லாம நம்ம பொன்னர் சங்கர் அண்ணமார் கதையில என்ன நடக்குதுங்க? நானெல்லாம் அம்மிச்சி மடியில படுத்துக்கிட்டு உடுக்கைச் சத்தத்துல விடிய விடியக் கேட்டவ. படுகளத்துல சங்கரு சாயறப்ப பெரியவங்களே பொலம்புவாங்க, நாங்களும் அழுவோம், தங்கச்சி தங்காள் வந்து எழுப்பற வரைக்கும் கண்ண மூட மாட்டோம். சின்னப் புள்ளைங்க பயந்துக்கும்னு எங்கள யாரும் வூட்டுக்குத் தாட்டி உடலீங்க.

டெராபித்தியாங்கற பேரு எங்கிருந்து வந்துச்சுங்க அக்கா?
*எட்டாம் வகுப்பு மாணவி, பொள்ளாச்சி*

அந்தம்மா தானா உண்டாக்குன பேருன்னுதான் நெனச்சாங்களாம் சாமி, பொறவுதான் நார்னியா கதைகள்ல டெரபிந்தியான்னு ஒரு தீவு இருக்கறது தெரிஞ்சுதாம். கதையிலயும் லெஸ்லிதான் ஜெஸ்ஸுக்கு நார்னியா புஸ்தகத்தப் படிக்கக் குடுக்கும்!

என்ற பேத்தி இந்தப் படத்தப் பாத்துப்போட்டு ஆடிப் பதினெட்டுக்குத் தூரி கட்டிக் குடுங்கன்னு ஒரே அடம். எனக்குப் பயமாக் கெடக்குது. கட்டலாமா அம்மிணி?
*பவானியிலிருந்து ஒரு அப்புச்சி*

கட்டுங்க அப்புச்சி. ஆத்தோரம், வாய்க்காலோரம் வேண்டாம், வாசல்ல இருக்கற வேப்பமரத்துல கட்டுங்க. போன வருசத்துக் கயிறு வேண்டவே வேண்டாம், புதுசு வாங்குங்க. மொதல்ல நீங்க உக்காந்து நாலு ஆட்டு ஆடிப் பாத்துட்டு பொறவு பேத்திய ஏத்தி உடுங்க.